பத்து நாள் மலைநடை: போன் சார்ஜ் எப்படித் தாங்கும்?

டெல்லி முனிர்க்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "செப்டம்பர் முதல் வாரம் நண்பர்களோடு இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் 'பின் பார்வதி' கணவாய் போகிறேன். பத்து நாள் நடை. நடை தொடங்கும் பர்ஷேணி கிராமத்தை விட்டால் கரண்டே கிடையாது என்கிறார்கள். சோலார் சார்ஜர் வாங்கலாமா? பவர் பேங்க் எத்தனை வேண்டும்? மதுரையில் அம்மா தினமும் ஒரு தடவையாவது போன் செய்யச் சொல்கிறார்."

தம்பி, கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பர்ஷேணிக்கு மேலே இருக்கும் கீர்கங்கா தாண்டினால் சிக்னலை மறந்துவிட வேண்டியதுதான். துண்டா புஜ், டாகுர் குவான், மந்தலாய் ஏரி, 5,319 மீட்டர் உயரக் கணவாய், அதற்கப்புறம் பின் பள்ளத்தாக்கில் இறங்கும் வழி என்று எங்கிருந்தும் அம்மாவைக் கூப்பிட முடியாது. பேட்டரி நூறு சதவீதம் இருந்தாலும் முடியாது. அதனால் அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என் குரல் கேட்காது, பயப்படாதே. இன்ன தேதி ராத்திரி வரைக்கும் போன் வரவில்லை என்றால் இந்த எண்ணில் கேள்." அந்த எண் உங்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியின் வீடோ அலுவலகமோ ஆக இருக்கட்டும். கடைசித் தேதியை இரண்டு நாள் தள்ளியே சொல்லுங்கள். மேலே பனி விழுந்தால் ஒரு முகாமில் ஒரு நாள் உட்கார வேண்டிவரும். நீங்கள் பத்திரமாக டென்ட்டில் இருப்பீர்கள், மதுரையில் அவர் சாப்பிடாமல் இருப்பார். சேட்டிலைட் போன் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். சேட்டிலைட்டில் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகளுக்கும் அதே கதிதான்.

சரி, பேச முடியாது என்றால் போன் எதற்கு? வரைபடம் பார்க்க, படம் எடுக்க, நேரம் பார்க்க, அவசரத்துக்கு வெளிச்சம் அடிக்க. இந்த நாலு வேலைக்கு ஆகும் செலவு, நீங்கள் டெல்லியில் தினம் செய்யும் செலவில் பாதிகூட வராது. கேட்பவர்கள் எல்லோரும் சார்ஜரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் செலவில் ஆரம்பிக்கச் சொல்வேன். செலவு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் என்ன வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் ஓட்டை, சிக்னல் தேடுவது. டவர் கிடைக்காத இடத்தில் போன் சும்மா இருக்காது. விட்டு விட்டுத் தேடும். எங்கோ ஒரு மெல்லிய சிக்னல் தட்டினால் தன் முழு பலத்தோடு அதைப் பிடிக்கப் பார்க்கும். பையில் தொடாமல் கிடந்த போன் மாலைக்குள் பாதியாகிவிட்டது என்று சொல்பவர்கள் நிறைய பேர். காரணம் இதுதான். கீர்கங்காவைத் தாண்டியதும் ஃப்ளைட் மோடு போட்டுவிடுங்கள், நடை முடியும் முத் கிராமம் வரும் வரை எடுக்காதீர்கள். "ஃப்ளைட் மோடில் ஜிபிஎஸ் வேலை செய்யாதே" என்று கூட வருபவர்கள் சொல்வார்கள். வேலை செய்யும். ஜிபிஎஸ் வானொலி மாதிரிதான், வாங்கிக்கொள்ளும், எதையும் அனுப்பாது. ஒன்று மட்டும், இணைய உதவி இல்லாததால் முதல் தடவை இடத்தைக் காட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும். திறந்த வானத்துக்குக் கீழே ஓரிரு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். வரைபடத்தை டெல்லியிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஆர்கானிக் மேப்ஸும் ஓஎஸ்எம்ஆண்டும் வைத்திருக்கிறேன், இரண்டும் இணையம் இல்லாமல் ஓடும்.

அடுத்த ஓட்டை திரை. மலை வெயிலில் போனை வெளியே எடுத்தவுடன் அது தன் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் வரைபடம் பார்ப்பதும், நிழலில் இருபது நிமிடம் பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒரே செலவு. ஆட்டோ வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கையால் குறைத்து வையுங்கள். தொப்பியைக் கழற்றிப் போன்மேல் நிழல் கட்டிப் பாருங்கள். ப்ளூடூத், வைஃபை தேடல், எப்போதும் எரியும் திரை, படங்களைத் தானாக மேலேற்றும் வேலை எல்லாவற்றையும் வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது கணக்கு. உங்கள் போன் பேட்டரியின் கொள்ளளவு 5,000 எம்ஏஎச் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு போன்கள் பல அந்த அளவில்தான் இருக்கின்றன. என் அனுபவத்தில், ஃப்ளைட் மோடில், ஒரு நாள் நடையில் இருபது தடவை வரைபடம், நூறு படம், ஐந்தாறு சின்ன வீடியோ, ராத்திரி போனை முழுக்க அணைத்து வைப்பது என்றால் சுமார் 25 சதவீதம் போகிறது. நடந்த பாதையை நாள் முழுக்கப் பதிவு செய்தால் இன்னொரு 15 சேரும், மொத்தம் 40. பத்து நாளுக்கு முதல் வகையில் 250 சதவீதம், இரண்டாவது வகையில் 400. கிளம்பும்போதே போனில் 100 இருக்கிறது. அதில் 20-ஐ எப்போதும் கையிருப்பாக வைத்துக்கொண்டால் 80 செலவுக்கு. ஆக பவர் பேங்க் தர வேண்டியது ஒன்றே முக்கால் தடவையோ, மூன்றே கால் தடவையோதான். பத்து நாள் என்றவுடன் பத்து சார்ஜ் என்று மனசு கணக்குப் போடும். அது டெல்லிப் பழக்கம்.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இந்தப் போனை நாலு தடவை நிரப்பும் என்று வகுத்துப் பார்ப்பீர்கள். நிரப்பாது. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. வெளியே வரும்போது 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ மாற்ற வேண்டும், மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகும், போனுக்குள் போய் மறுபடி இறங்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். கணக்கை வாட் அவரில் போட்டால், அதாவது எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், குழப்பமே இல்லை. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர். உங்கள் போன் பேட்டரி ஏறக்குறைய 19. நஷ்டம் எல்லாம் போக நல்ல பவர் பேங்க் மூன்று தடவை நிரப்பும். பெட்டியிலேயே பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று, வெளியே வரும் 5 வோல்ட்டுக்கான கணக்கில், 12,000 பக்கத்தில் ஒரு எண் போட்டிருப்பார்கள், நம்ப வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஆகவே என் பதில்: பாதையைப் பதிவு செய்யப் போவதில்லை என்றால் ஒரு 20,000 போதும், மிஞ்சும். பதிவு செய்வீர்கள் என்றால் ஒரு 20,000-மும் ஒரு 10,000-மும். இரண்டாவது பேங்க் ஏன் தனியாக, 30,000 ஒன்றே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். ஒன்று ஓடையில் விழுந்தால் இன்னொன்று இருக்கும். அதோடு, விமானத்தில் 100 வாட் அவருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி கேட்க வேண்டும். 30,000 என்பது 111 வாட் அவர். 100-க்குள் இருப்பதும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. நீங்கள் காஷ்மீரி கேட்டிலிருந்து பஸ்ஸில்தான் போவீர்கள் என்றாலும், நாளைக்கு மதுரைக்குப் பறக்கும்போது இது உதவும்.

வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. சில வருடங்களுக்கு முன் நடைபாதைக் கடை ஒன்றில் பாதி விலைக்கு '30,000' என்று எழுதிய ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டாவது தடவை போட்டபோதே அது சூடாகிச் செத்தது. மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே மூன்று செல், மீதி இடத்தில் பாலிதீன் சுருட்டில் கட்டிய மணல், எடை காட்டுவதற்காக. அதிலிருந்து எனக்கு எடைதான் முதல் சோதனை. இன்றைய லித்தியம் செல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 74 வாட் அவருக்குக் கிட்டத்தட்ட முந்நூறு கிராம் செல்லே வேண்டும். உறையோடு 350, 400 கிராம் வரும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும் 20,000 பொய். எடை சரியாக இருந்தாலும் மணல் இருக்கலாம் என்பதால் இரண்டாவது சோதனை: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும் அதன் கீழே 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு அது கட்டாயம்.

கொள்ளளவைப் பார்க்கும் யாரும் பார்க்காத இன்னொன்று, பவர் பேங்க் எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்பது. பஸ் ராத்திரி முழுக்கப் போய்க் காலையில் புந்தர் சேரும். பஸ்ஸில் இருக்கும் யுஎஸ்பி துளையை நம்பாதீர்கள். அங்கிருந்து மணிகரண் வழியாக பர்ஷேணி. நடுவில் கசோலில் சாப்பிட இறங்கினால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். 10 வாட்டில் குடிக்கும் பேங்க் அந்த நேரத்தில் கால்வாசிகூட நிரம்பாது. 30 வாட்டில் குடிப்பது பாதிக்கு மேல் ஏறிவிடும். ஆனால் சுவரில் மாட்டும் சார்ஜரும் அந்த 30 வாட்டைத் தர வேண்டும், கேபிளும் தாங்க வேண்டும். மூன்றில் எது சிறியதோ அதுதான் வேகம். இரண்டு துளை உள்ள ஒரு சார்ஜர் கொண்டுபோங்கள். கிராமத்து விடுதியில் ஒரு பிளக்குக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

இப்போது குளிர். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கெல்லாம் சரியாகப் போட்டவர்களும் தவறுவது இங்கேதான். நான் அந்தக் கணவாய் ஏறிய வருடம், மந்தலாய் முகாமில் ராத்திரி போனை டென்ட் ஓரத்துத் துணிப்பையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலை ஐந்தரைக்கு வெளியே வந்தேன். டென்ட் துணி உறைந்து அட்டை மாதிரி விறைத்து நின்றது. ஏரிக்கு மேல் இருந்த பனிச்சிகரத்தில் அப்போதுதான் வெயில் தொட்டது. போனில் 54 சதவீதம் காட்டியது. கேமராவைத் திறந்து ஒரு படம் எடுத்தேன். இரண்டாவதை எடுக்கக் கட்டை விரல் வைத்தவுடன் திரை கறுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் சிவப்புக் கோடு போட்ட காலி பேட்டரி. பவர் பேங்கை மாட்டினேன், அதுவும் வெளியே கிடந்ததுதான், ஒரு விளக்கு மினுக்கி அடங்கிவிட்டது. எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு வைத்துக்கொண்டு டீ போடப் போனார். டீ குடித்து முடித்ததும் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. பட்டனை அழுத்தினேன், 51 என்று காட்டியது.

நடந்தது என்ன? பேட்டரிக்குள் மின்சாரம் தீரவில்லை. உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு திரவத்துக்குள் நீந்தித்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகின்றன. குளிரில் அந்தத் திரவம் கெட்டியாகிறது, அயனிகள் மெதுவாகின்றன, உள்தடை கூடுகிறது. கேமரா மாதிரி ஒரு வேலை திடீரென்று அதிகம் கேட்கும்போது வோல்ட்டேஜ் சரிந்து விழுகிறது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பது மாதிரி. எண்ணெய் எங்கேயும் போகவில்லை, ஊற்ற முடியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கீர்கங்காவுக்கு மேலே போனும் பவர் பேங்கும் ராத்திரி உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்கட்டும். தனித்தனிக் காலுறையில் போட்டுத் தொடைப் பக்கம் வையுங்கள். பகலில் உள்சட்டைப் பை. கணவாய் ஏறும் நாளில் விடியுமுன் கிளம்புவீர்கள், அன்றைக்கு முதுகுப் பையின் மேல் மூடியில் பவர் பேங்கைப் போடும் பழக்கம் வேண்டாம். குளிர்ந்து கிடந்த போனைச் சமையல் டென்ட்டின் ஆவிக்குள் நேராகக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடிக்குள் வியர்த்துவிடும், சார்ஜ் துளையில் ஈரம் இருப்பதாக எச்சரித்துவிட்டுப் போன் சார்ஜ் ஏற மறுக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோய்ச் சூடான பிறகு எடுங்கள்.

குளிரில் செலவழிப்பதை விடக் குளிரில் ஏற்றுவது கெடுதல். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போய் அமராமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்த நஷ்டம் திரும்பி வராது, பேட்டரிக்கு ஆபத்தும்கூட. அதனால் சார்ஜ் ஏற்றும் வேளை, முகாமுக்கு வந்து சேரும் பிற்பகல் மூன்று மணி. இன்னும் வெயில் இருக்கும், உடம்பிலும் சூடு இருக்கும். போனையும் பேங்கையும் சின்னக் கேபிளால் இணைத்து ஜாக்கெட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு டீ குடியுங்கள். போனை அப்போது நோண்டாதீர்கள். 80 வந்ததும் கழற்றுங்கள், கடைசி இருபதுக்கு நேரம்தான் அதிகம் போகும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் சார்ஜில் போட்டபடி தூங்கவே கூடாது. மூடிய துணிக்குள் சூடு வெளியேற வழி இல்லை, தூங்குகிற உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

சோலாருக்கு வருகிறேன். பவர் பேங்கின் முதுகிலேயே சின்னத் தகடு ஒட்டி வருமே, அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த அளவுத் தகடு நல்ல வெயிலில் ஒன்றரை வாட் தந்தால் அதிகம். 74 வாட் அவரை நிரப்ப ஐம்பது மணி நேர வெயில் வேண்டும், அதாவது எட்டு, ஒன்பது நாள். அவ்வளவு நேரம் வெயிலில் காய வைத்தால் உள்ளே இருக்கும் செல் கெடும். மடக்கி விரிக்கும் 21 வாட் தகடு வேறு ஜாதி. நேராக வெயிலைப் பார்க்க வைத்தால் 10, 12 வாட் நிஜமாகவே வரும். நான் அதையும் ஒரு தடவை தூக்கிப் போனேன். முதுகில் மாட்டி நடந்தால் வெயில் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் பையின் ஒரு வார் நிழல் குறுக்கே விழுந்தாலே வரத்து சடாரென்று விழும். பார்வதி பள்ளத்தாக்கு ஆழமானது, ஆரம்ப நாட்களில் காடு, பிற்பகலில் மேகம் கூடிவிடும். அரைக் கிலோவுக்கு மேல் சுமந்து நான் சம்பாதித்தது, இன்னொரு 10,000 பேங்கை இருநூறு கிராமில் தூக்கியிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதுதான்.

சோலார் வீண் என்று சொல்லவில்லை. ஒரே இடத்தில் பல நாள் முகாம் போட்டு உட்காருபவர்களுக்கும், இருபது நாளுக்கு மேல் ஊரே வராத பயணத்துக்கும், ஆறேழு பேர் சேர்ந்து கேமரா பேட்டரி எல்லாம் ஏற்றுபவர்களுக்கும் அது சரி. அப்படிப் போனால் போனை நேராகத் தகட்டில் மாட்டாமல் பேங்கை மாட்டுங்கள், மேகம் வந்து போகும்போது போன் சார்ஜை விட்டு விட்டுப் பிடித்துத் திணறும். அமெரிக்காவில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்று 4,265 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, மாதக்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களில்கூடப் பலர் பவர் பேங்கையே நம்புகிறார்கள். சில நாளுக்கு ஒரு முறை மளிகை வாங்க ஊருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், அப்போது சுவரிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். கையால் சுற்றும் டைனமோ பற்றி ஒரு வரி: வேண்டாம்.

மின்சாரத்துக்குப் போட்டி போடும் மற்ற சாமான்களையும் பாருங்கள். தலையில் கட்டும் டார்ச்சைப் பென்சில் செல்லில் ஓடுவதாக வாங்கினால் பேங்கில் கை வைக்காது. ஸ்மார்ட் வாட்சை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கேபிள் இரண்டு. பத்து வருடத்தில் எனக்கு மலையில் செத்தது பேட்டரி அல்ல, கேபிள்தான். முழ நீளம் போதும்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். லஜ்பத் ராய் மார்க்கெட்டில், செங்கோட்டைக்கு எதிரே, சின்ன யுஎஸ்பி மீட்டர் கேட்டால் தருவார்கள், சில நூறு ரூபாய்தான். பேங்கை முழுக்க ஏற்றிவிட்டு, அது காலியாகும் வரை போன்களுக்குக் கொடுத்து, எத்தனை வாட் அவர் வெளியே வந்தது என்று பாருங்கள். 74-க்கு 60 வந்தால் நல்ல சாமான். இன்னொரு நாள் ஃப்ளைட் மோடு போட்டு சஞ்சய் வன் காட்டுக்குள் காலையிலிருந்து மதியம் வரை நடங்கள், மலையில் எடுப்பது மாதிரியே படம் எடுங்கள், வரைபடம் பாருங்கள். முனிர்க்காவிலிருந்து பக்கம்தானே. எத்தனை சதவீதம் போகிறதோ, நான் மேலே போட்ட 25, 40-க்குப் பதில் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் போன் பழையது என்றால் இரண்டு மடங்குகூட வரலாம்.

ஒரு துண்டுக் காகிதத்தில் அம்மாவின் எண், வழிகாட்டியின் எண், அவசர எண் 112, மாவட்டப் பேரிடர் எண் 1077 எல்லாவற்றையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். போன் நனைந்துபோனால், முத்தில் இறங்கியதும் யாரிடமாவது போனை வாங்கிக் கூப்பிட அம்மாவின் எண் மனப்பாடமாகத் தெரியுமா உங்களுக்கு?